சென்னையில் ஒரு கோடை இன்டர்ன்ஷிப்: ஊரிலிருந்து கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பங்குனி பிறந்தால் போதும், நான் படித்த கல்லூரியிலிருந்து யாராவது ஒரு தம்பியோ தங்கையோ போன் செய்துவிடுவார்கள். "அக்கா, நீங்க மெட்ராஸ்ல கவர்மென்ட் ஆபீஸ்ல இன்டர்ன்ஷிப் பண்ணீங்களாமே?" பண்ணினேன். கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாமாண்டு முடித்த கையோடு, 2019 மே 6 முதல் ஜூன் 28 வரை, எட்டு வாரம், ஒரு இயக்குநரகத்தில். எந்த இயக்குநரகம் என்பது இங்கே வேண்டாம். ஆளுக்கு ஆள் ஒரே பதில்களைச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன்.

தலைமைச் செயலகத்திலேயே கிடைக்குமா அக்கா? கோட்டைக்குள் வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை.

ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் புனித ஜார்ஜ் கோட்டையில் இருப்பவை துறைகள். கொள்கை முடிவும் அரசாணையும் அங்கிருந்து வரும். அதைக் களத்தில் நடத்துகிற இயக்குநரகங்களும் ஆணையரகங்களும் சேப்பாக்கம் எழிலகம், சைதாப்பேட்டை பனகல் மாளிகை, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகம், நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை என்று நகரம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. மாணவர்களுக்கு இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம் இந்த இரண்டாம் வகையில்தான். கற்றுக்கொள்ளவும் இதுதான் நல்ல இடம் என்பது என் கட்சி. கோட்டையில் ஒரு திட்டத்தின் தலையைத்தான் பார்க்கலாம், இயக்குநரகத்தில் கை கால் எல்லாம் தெரியும்.

ஆராய்ச்சிப் பக்கம் நாட்டமிருந்தால் அரசு அலுவலகத்தையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம். அடையாறில் 1971 முதல் எம்.ஐ.டி.எஸ். (சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. வரலாறு படிக்கிற பிள்ளைகள் முதலில் கதவைத் தட்ட வேண்டியது எழும்பூரில்.

எப்போது, எப்படிக் கேட்பது?

பிப்ரவரியிலேயே. மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். துறைத்தலைவர் கையெழுத்தோடு கல்லூரிக் கடிதம், போனஃபைடு சான்றிதழ், ஒரு பக்கத்தில் உங்களைப் பற்றிய விவரம், இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் நேரில் போய் தபால் பிரிவில் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்காமல் நகராதீர்கள். அந்த முத்திரைக்குத்தான் உயிர். பத்து நாள் கழித்துப் போன் செய்யும்போது "எந்தத் தேதி தபால்?" என்றுதான் கேட்பார்கள்.

கடிதத்தில் "தங்கள் அலுவலகத்தில் பயிற்சி பெற விரும்புகிறேன்" என்று மட்டும் எழுதினால் அவர்களுக்கு உங்களை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாது. எந்தத் திட்டம், எதைப் பற்றிப் படிக்க வேண்டும், எத்தனை வாரம், என்ன எழுதிக் கொடுப்பீர்கள் என்பதை நான்கு வரியில் சொல்லுங்கள். துறைவாரியாகச் சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு இணையத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. அதைப் படித்துவிட்டு எழுதிய கடிதத்துக்கும் படிக்காமல் எழுதிய கடிதத்துக்கும் வித்தியாசம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

காசு தருவார்களா?

எனக்குத் தரவில்லை. பெரும்பாலும் தரமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். மாதம் 5,000 ரூபாய் என்று எல்லோரும் சொல்வது ஒன்றிய அரசின் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தை. அது 2024-ல் தொடங்கியபோது வகுத்த விதிப்படி 21 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு, நிறுவனங்களில் 12 மாதம், முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கிடையாது. உங்கள் கோடை விடுமுறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கல்லூரியில் நான் முதல்வன் (மாநில அரசின் திறன் பயிற்சித் திட்டம்) பொறுப்பாளரைப் பாருங்கள், அதன் வழியாக வரும் பயிற்சிகள் சிலவற்றில் ஏதாவது கிடைக்கலாம்.

எங்கே தங்குவது? தாம்பரத்தில் சித்தி வீடு இருக்கிறது.

எனக்கும் தாம்பரத்தில்தான் சித்தி வீடு! முதல் மூன்று வாரம் அங்கேதான் இருந்தேன். சேலையூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் தாம்பரம் ஸ்டேஷன், அங்கிருந்து மின்சார ரயிலில் கோட்டை ஸ்டேஷன், அங்கே இறங்கிப் பறக்கும் ரயிலில் அலுவலகம் இருந்த சேப்பாக்கம். பத்து மணிக்கு உள்ளே இருக்க வேண்டுமென்றால் எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மாலை 5.45-க்கு அலுவலகம் விட்டு, வீடு சேர எட்டாகும். சித்திக்கு நான் வரும்வரை சாப்பாடு இறங்காது. சித்தப்பாவோ இரண்டாம் வாரத்திலிருந்தே "பொம்பளப் புள்ள இவ்ளோ நேரம் கழிச்சா வர்றது" என்று டிவியைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். சித்தி மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் எப்படியோ என் தலையில் விழுந்தது.

நல்ல மனிதர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் சொந்தக்காரர் வீட்டில் வாடகை மிச்சமாகும், நேரம் மிச்சமாகாது. எட்டு வாரத்தில் தினம் நான்கு மணி நேரம் பயணத்தில் போனால் ராத்திரி நாலு வரி எழுதக்கூடத் தெம்பு இருக்காது. நான்காம் வாரம் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் விடுதிக்கு மாறினேன். திருமயிலை ஸ்டேஷனில் ஏறினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் சேப்பாக்கம். மூன்று பேர் அறை, இரண்டு வேளைச் சாப்பாடு, அன்றைக்கு மாதம் 6,000. இன்றைக்கு அந்த விலைக்குக் கிடைக்காது.

விடுதி பார்க்கும்போது ஒன்றைத் தயங்காமல் கேளுங்கள்: உரிமம் இருக்கிறதா? பெண்கள், குழந்தைகள் விடுதிகளை முறைப்படுத்த 2014-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்காமல் நடத்தக் கூடாது. கேட்டதுமே முகம் மாறினால் அடுத்த விடுதியைப் பார்க்கலாம். வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகளும் இப்போது இருக்கின்றன. சில வாரம் மட்டும் தங்க இடமிருக்குமா என்று அங்கேயும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

தம்பிகளுக்கு இத்தனை பாடு இல்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் படுக்கை கிடைத்தால் போதும், சேப்பாக்கம் நடக்கிற தூரம், சுற்றிலும் மெஸ். காற்று மட்டும் வராது.

அட்வான்ஸ்?

எட்டு வாரத்துக்கு இரண்டு மாத வாடகை அட்வான்ஸ் கேட்பார்கள். ஒரு மாதத்துக்குப் பேசி முடியுங்கள், கடைசி மாத வாடகையில் கழித்துக்கொள்வதாக எழுதி வாங்குங்கள். நான் எழுதி வாங்காமல் 1,500 ரூபாயை விட்டுவிட்டு வந்தேன், "பெயின்ட் அடிக்கணும்மா" என்றார்கள்.

முதல் நாள் என்ன நடக்கும்?

ஒன்றும் நடக்காது. என்னை அனுமதித்த அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். என் கடிதம் வேறொரு பிரிவில் இருந்தது. ஓ.ஏ. (அலுவலக உதவியாளர்) ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு "மனு குடுக்க வந்தியாம்மா? திங்கக்கிழமதான்" என்றார். அன்று திங்கட்கிழமைதான்.

உங்களுக்கென்று ஒரு நாற்காலி இருக்காது என்பதை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். யாராவது விடுப்பில் போனால் அந்த நாற்காலியில் உட்காருவேன். அவர் வந்தால் எழுந்து ரெக்கார்டு ரூம் வாசலில் இருந்த ஸ்டூலுக்குப் போவேன். ஒன்பது நாள் இப்படி. அந்த நாட்கள் முழுக்கத் திரும்பிப் போய்விடலாம் என்றே தோன்றியது.

அப்போது எனக்குப் புரியாத ஒன்று, இப்போது புரிகிறது. அந்த மே மாதம் அலுவலகமே அப்படித்தான் இருந்தது. மக்களவைத் தேர்தலுக்கு ஏப்ரல் 18-ல் வாக்குப்பதிவு முடிந்துவிட்டது, மே 23-ல்தான் எண்ணிக்கை. அதுவரை தேர்தல் நடத்தை விதி. புதுத் திட்டம் கிடையாது, புது அறிவிப்பு கிடையாது, பாதிப் பேர் தேர்தல் வேலையில். நான் போய்ச் சேர்ந்தது அந்த மந்தத்தில். போகும் ஆண்டின் நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்: தேர்தல் உண்டா, சட்டமன்றம் எப்போது கூடுகிறது, மானியக் கோரிக்கை (துறைவாரியான நிதி விவாதம்) எப்போது. இதை வைத்தே உங்களுக்கு வேலை இருக்குமா, இல்லையா என்று சொல்லிவிடலாம்.

ஜெராக்ஸ் எடுக்க, டீ வாங்க அனுப்புவார்களாமே?

டீ வாங்க என்னை அனுப்பவில்லை. அதற்கு அங்கே ஆளும் உண்டு, முறையும் உண்டு. ஜெராக்ஸ் நிறைய எடுத்தேன். அதில் கூச்சப்படாதீர்கள். ஒரு கோப்பு முழுவதையும் நகலெடுக்கிறவருக்கு அந்தக் கோப்பு முழுவதையும் படிக்கும் வாய்ப்பு வருகிறது, அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை.

கோப்பு எப்படிப் படிப்பது? கல்லூரியில் இதையெல்லாம் சொல்லித்தரவே இல்லை.

எனக்குச் சொல்லித்தந்தது பிரிவின் கண்காணிப்பாளர் மேடம். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது அவருக்கு. பத்தாம் நாள், ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கடிதத்தை முறைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "ஏம்மா, என்ன படிக்கிற?" என்றார். பொருள் என்று போட்டிருந்த பத்தியைப் படிக்கிறேன் என்றேன். "பொருள எவன் வேணா படிப்பான். பார்வையப் படி."

அரசுக் கடிதம் எதை எடுத்தாலும் மேலே ந.க.எண் (அந்தக் கோப்பின் எண்), நாள். பிறகு பொருள். அதன் கீழே பார்வை: இந்த விஷயத்தில் இதுவரை போன, வந்த கடிதங்களின் பட்டியல், எண்ணும் தேதியுமாக. அன்று என் கையில் இருந்தது ஒரு மாவட்டத்தில் விடுதி ஒன்றுக்குச் சுற்றுச்சுவர் கேட்ட கோப்பு. பார்வையில் ஏழு கடிதம். மேடம் பேனா முனையால் மூன்றாவதையும் நான்காவதையும் தொட்டுக் காட்டினார். இரண்டுக்கும் நடுவில் பதினோரு மாதம்.

"அந்தப் பதினோரு மாசம் கோப்பு எங்க தூங்குச்சுன்னு கண்டுபிடி. அதான் படிப்பு."

இரண்டு நாள் தேடினேன். பொதுப்பணித் துறையிடமிருந்து மதிப்பீடு வாங்கியிருக்கிறார்கள். அது வந்து சேர்ந்து நிதி ஒதுக்கீடு கேட்பதற்குள் புது ஆண்டின் விலைவிகிதப் பட்டியல் வந்துவிட்டது. பழைய விலையில் போட்ட மதிப்பீடு செல்லாது, திருத்திய மதிப்பீடு கேட்டு மறுபடி கடிதம். அந்தக் கடிதம் மாவட்டத்தில் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக எடுத்துக்கொண்டது மீதி. லஞ்சம், சதி என்றெல்லாம் பெரிதாக எதையோ எதிர்பார்த்துப் போன எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஒரு சுவர் எழும்பாமல் போக இவ்வளவு சாதாரணமான காரணம் போதும். நான் பிறகு எழுதிய அறிக்கையே இதைப் பற்றித்தான்: இருபத்திரண்டு கோப்புகள், ஒவ்வொன்றிலும் பார்வைக்குப் பார்வை எத்தனை நாள்.

இன்னொன்றும் அவர் சொன்னதுதான். முடிந்த கோப்பில் மூ.மு. என்று இருந்தால் மூன்றாண்டு முடிவு, மூன்றாண்டுக்குப் பிறகு அழித்துவிடலாம். பழைய தகவல் தேடுகிறவர்கள் முதலில் இந்த எழுத்தைப் பார்த்துவிட்டுத் தேடுங்கள். இல்லாத கோப்பைத் தேடி நான் ஒரு மத்தியானத்தைத் தொலைத்தேன். இப்போது பல அலுவலகங்களில் கோப்பு கணினிக்குள் போய்விட்டது, ஆனால் பொருளும் பார்வையும் அப்படியேதான் இருக்கின்றன.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. சமாளிக்க முடியுமா?

அங்கே உங்களுக்கு வேண்டியது தமிழ். 1956-லேயே ஆட்சிமொழிச் சட்டம் வந்த மாநிலம் இது. கோப்பும் குறிப்பும் பெரும்பாலும் தமிழில்தான். ஆங்கிலவழியில் படித்துவிட்டு வந்த ஒரு பையன் "நிர்வாக ஒப்புதல்", "முன்மொழிவு", "ஒப்பளிப்பு" என்ற சொற்களில் தடுக்கித் தடுக்கி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழ் எனக்குக் கைகொடுத்த நாள் ஒன்று உண்டு. நடத்தை விதி விலகியதும் அலுவலகம் தலைகீழாக மாறியது. ஜூன் கடைசியில் சட்டமன்றம் கூடப்போகிறது, கொள்கை விளக்கக் குறிப்புக்கு விவரம் தர வேண்டும். எட்டு மணி வரை விளக்கு எரிந்தது. தமிழ்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் வரிக்கு வரி ஒப்பிட ஆள் போதவில்லை. "அந்தப் பொண்ணக் கூப்பிடு" என்றார்கள். ஒரு அட்டவணையில் ஆங்கிலத்தில் லட்சத்தில் இருந்த தொகை தமிழில் கோடி என்ற தலைப்பின் கீழ் உட்கார்ந்திருந்தது. சுற்றி வட்டம் போட்டுக் கொடுத்தேன். மேடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவர் மேசைக்கு அருகில் எனக்கு ஒரு நாற்காலி இருந்தது, ஒரு கால் ஆடும், ஆனாலும் நாற்காலி.

வெயில் தாங்குமா?

கத்திரி மே 4-லிருந்து 28 வரை. சென்னையில் 2003 மே 31-ல் 45 டிகிரி பதிவானது, அதாவது கத்திரி முடிந்த பிறகு! கடற்கரை ஓரத்தில் மத்தியானம் இரண்டு மூன்று மணிக்குக் கடற்காற்று உள்ளே வரும், ஜன்னலோரம் இருந்தால் அது வரும் நிமிடமே தெரியும். மேற்குக் காற்று பலமாக வீசுகிற நாளில் அதுவும் வராது. பருத்திச் சட்டை, குடை, பையில் ஒரு பாட்டில் மோர். வேறு வைத்தியம் கிடையாது.

தண்ணீர்?

2019-ஐப் பார்த்தவளிடம் கேட்கிறீர்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், நான்கு ஏரியும் வறண்ட கோடை அது. விடுதியில் காலை ஆறிலிருந்து ஆறரை வரை மட்டும் குழாய். ஆளுக்கு இரண்டு பக்கெட் என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். மெட்ரோ வாட்டர் லாரிச் சத்தம் கேட்டால் வார்டனிலிருந்து சமையல் அக்கா வரை எல்லோரும் குடத்தோடு கீழே. காவிரிக் கரைப் பெண், ஒரு பக்கெட்டில் தலைக்குக் குளிக்கக் கற்றுக்கொண்டேன். ஜூன் மூன்றாம் வாரம் ஒரு நாள் மழை பெய்தபோது அலுவலகமே வராண்டாவில் வந்து நின்றது, அதிகாரி உட்பட. நான் ஊர் திரும்பிய பிறகுதான், ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

எல்லா வருடமும் அப்படி இருக்காது. ஆனால் விடுதி பார்க்கும்போது "தண்ணி எப்ப வரும்?" என்று வார்டனிடம் கேட்காதீர்கள், அங்கே தங்கியிருக்கும் பெண்ணிடம் கேளுங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

காலையும் இரவும் விடுதி. மதியம் பக்கத்துக் கேன்டீன், இல்லையென்றால் அம்மா உணவகம். 2013-ல் தொடங்கியபோதே இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. மாதக் கடைசியில் நான் அங்கேதான். கும்பகோணத்து நாக்கோடு காபியை ஒப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள், மனக்கஷ்டம்தான் மிச்சம். திருவல்லிக்கேணியில் ரத்னா கபேயில் இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துத் தருவார்கள், சம்பளமில்லாத வேலைக்கு அது ஒன்றுதான் போனஸ்.

பஸ், ரயில்?

தென்மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பர் 30-ல் திறந்த கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். கோயம்பேடு என்று பழைய ஞாபகத்தில் கிளம்பாதீர்கள். மின்சார ரயிலுக்கு மாத சீசன் எடுங்கள். தங்கைகளுக்கு 2021-லிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட்டே இல்லை. என் காலத்தில் அது இல்லை என்று எனக்கு இன்னும் பொறாமை உண்டு.

நான் சட்டம் படிக்கிறேன். உயர் நீதிமன்றத்தில் மே மாதம் போகலாமா?

மே முழுக்க நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. விடுமுறைக்கால அமர்வு மட்டும் சில நாள் இருக்கும். சீனியரிடம் சேர்ந்தால் மே மாதம் அவர் அலுவலகத்தில் வழக்குக் கட்டுகளைப் படிக்கலாம், நீதிமன்றத்தைப் பார்க்க ஜூன் வேண்டும். பார் கவுன்சில் விதிப்படி ஒரு ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கணக்கில் வராது, அதையும் பார்த்துத் தேதி குறியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது?

தூங்குங்கள், துணி துவையுங்கள். மிச்ச நேரத்துக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகத்தை எடுத்துப் போய்ப் படிக்கத் தனி இடம் இருக்கிறது, குளிர்சாதனம் இருக்கிறது. என் அறிக்கையில் பாதி அங்கே எழுதியதுதான். எழும்பூரில் கன்னிமாரா 1896-லிருந்து இருக்கிறது, இந்தியாவில் அச்சாகும் புத்தகம் வந்து சேர வேண்டிய நூலகங்களில் ஒன்று. மெரினாவுக்கு மாலை ஐந்துக்கு முன்னால் போகாதீர்கள், மணல் காலைப் பொசுக்கிவிடும்.

வீட்டில் அனுப்ப மறுக்கிறார்கள்.

என் அப்பாவும் மறுத்தார். கல்லூரிக் கடிதம், அலுவலக முகவரி, சித்தி வீட்டுப் போன் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். வாதாடி ஜெயிக்கவில்லை, அம்மாதான் ஜெயித்தாள். முதல் நாள் அப்பாவே உடன் வந்து அலுவலக வாசல் வரை விட்டுவிட்டு, எதிர் டீக்கடையில் மதியம் வரை உட்கார்ந்திருந்தது எனக்கு ஊர் திரும்பிய பிறகுதான் தெரியும்.

சான்றிதழ் எப்போது கேட்பது?

கடைசி வாரத் திங்கட்கிழமை. கடைசி நாள் கேட்டால் கையெழுத்துப் போடுகிறவர் ஆய்வுக் கூட்டத்தில் இருப்பார். வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோங்கள், தேதிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் ஜூன் 28-க்குப் பதில் மே 28 என்று விழுந்து, அதைத் திருத்த கும்பகோணத்திலிருந்து இன்னொரு முறை வர வேண்டியிருந்தது.

கிளம்பும்போது எல்லோருக்கும் ஏதாவது வாங்கித்தர வேண்டுமா?

கட்டாயமில்லை. நான் ஊரிலிருந்து வெற்றிலை வரவழைத்தேன், கண்காணிப்பாளர் மேடத்தின் அம்மாவுக்கு. ஓ.ஏ. அண்ணனுக்கு ஒரு கால் கிலோ அல்வா. "மனு குடுக்க வந்தியா"ன்னு கேட்டவரேதான்.

திரும்பி வர டிக்கெட்?

கிளம்பும்போதே போட்டுவிடுங்கள். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், எட்டு வாரம் என்றால் 56 நாள், கணக்குச் சரியாக வரும். உழவன் எக்ஸ்பிரஸ் என்றால் காலை எட்டு மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்திருங்கள். ஏறுகிற ஸ்டேஷன் எழும்பூரா தாம்பரமா என்று டிக்கெட்டில் இரண்டு முறை பாருங்கள்.